நடுவில் நிற்கும் ஆள்: மதுரை நிறுவனங்களும் மாற்றமும்

நிர்வாகம் பற்றிய புத்தகங்களில் பெரும்பாலும் இரண்டு பேர்தான் வருகிறார்கள். மேலே ஒரு தலைவர், கீழே ஊழியர்கள். தலைவர் ஒன்றை மாற்ற நினைக்கிறார், ஊழியர்கள் தயங்குகிறார்கள், தலைவர் பேசிப் புரியவைக்கிறார், மாற்றம் நடந்துவிடுகிறது. பழையதை இளக்கி, மாற்றி, மீண்டும் இறுகவைப்பது என்று கர்ட் லெவின் சொன்னது இந்தக் கதைதான். 1995-ல் ஜான் காட்டர் எட்டுப் படிகளாக அடுக்கியதிலும் மாற்றம் மேலே தொடங்கித்தான் கீழே இறங்குகிறது. மாற்ற முயற்சிகளில் 70 சதவீதம் தோற்றுப்போகின்றன என்ற கணக்கும் மேடைதோறும் சொல்லப்படுகிறது. அந்த எண் 1993-ல் ஹாமரும் சாம்பியும் எழுதிய புத்தகத்தில், அறிவியல் சாராத உத்தேசம் என்று அவர்களே சொல்லிக்கொண்டு வைத்த ஒன்று. பின்னால் அதைச் சரிபார்க்கப் போனவர்களுக்கு உருப்படியான ஆதாரம் கிடைக்கவில்லை.

இந்தக் கதையில் விட்டுப்போன மூன்றாவது ஆள் ஒருவர் உண்டு. மேலிருந்து வரும் உத்தரவைக் கீழே சொல்பவர், கீழே நடப்பதை மேலே சொல்பவர் அல்லது சொல்லாமல் விடுபவர். மேஸ்திரி, டைம் கீப்பர், நீர்க்கட்டி, கொத்துத் தலைவி, ஆஸ்பத்திரி சிஸ்டர் என்று அவருக்கு இடத்துக்கு ஒரு பெயர். மதுரையிலும் அதைச் சுற்றிய வயற்காட்டு ஊர்களிலும் நூற்றுச் சொச்சம் ஆண்டுகளாக நடந்த நிறுவன மாற்றங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒரு மாற்றம் ஊன்றியதா உதிர்ந்ததா என்பதைப் பெரும்பாலும் இந்த ஆளின் நிலைமையே தீர்மானித்திருக்கிறது. முதலாளியின் பேச்சுத்திறனுக்கு அதில் பங்கு குறைவு. ஒரு விதிவிலக்கும் இருக்கிறது, சிறிய விதிவிலக்கு அல்ல. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஹார்வி மில்லில் தொடங்கலாம். ஸ்காட்லாந்துச் சகோதரர்கள் ஆண்ட்ரூ ஹார்வியும் ஃபிராங்க் ஹார்வியும் நடத்திய மதுரை மில் 1892-ல் நூல் நூற்கத் தொடங்கியது. ஆயிரக்கணக்கில் ஆள் வேலை செய்த இடம். ஆனால் வெள்ளைக்கார மேலாளருக்கும் அந்த ஆயிரம் பேருக்கும் நடுவே பேச்சு என்று ஒன்று இல்லை. மொழி வேறு, உலகம் வேறு. இடையில் இருந்தவர் மேஸ்திரி. ஆள் பிடிப்பவர், வேலை வாங்குபவர், யாருக்கு எந்த மிஷின் என்று சொல்பவர், ஆளை நிறுத்துபவர் எல்லாம் அவரே. இது மதுரைக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல. பம்பாயில் ஜாபர், கல்கத்தாச் சணல் ஆலையில் சர்தார், தேயிலைத் தோட்டத்தில் கங்காணி. தொழிலாளர் நிலையை ஆராய்ந்து 1931-ல் அறிக்கை தந்த விட்லி ஆணையம், ஆள் எடுப்பதும் நீக்குவதும் இந்த ஆட்கள் கையில் இருக்கும்வரை லஞ்சம் ஒழியாது என்று கண்டு, அந்த அதிகாரத்தை எடுத்துத் தொழிலாளர் நல அதிகாரி என்ற புதிய ஆளிடம் கொடுக்கச் சொன்னது.

மேஸ்திரியைத் திட்டுவது எளிது. அவர் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். கம்பெனி அவருக்குச் சம்பளத்தைவிடப் பெரிய ஒன்றைக் கொடுத்திருந்தது: தகவலின் மேல் ஏகபோகம். மேலாளருக்குத் தெரியாததும் தொழிலாளிக்குத் தெரியாததும் அவருக்கு மட்டும் தெரியும். அந்த நிலையில் இருக்கும் எவரும் சுங்கச்சாவடி போட்டு உட்காரத்தான் செய்வார். 1918-ல் மதுரையில் வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப் மில் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டியபோது அந்த ஏகபோகத்தில் முதல் விரிசல் விழுந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் சென்னைத் தொழிலாளர் சங்கமும் பிறந்தது. சங்கம் கூலி கேட்டது, போனஸ் கேட்டது என்றுதான் வரலாறு எழுதுகிறோம். மேஸ்திரியைத் தாண்டி மேலாளரிடம் நேரே பேச ஒரு வழி கேட்டது என்றும் எழுதலாம்.

கம்பெனியும் சும்மா இருக்கவில்லை. திருப்பரங்குன்றம் அருகே தொழிலாளர் குடியிருப்பாக உருவான ஹார்விபட்டி இன்றும் அந்தப் பெயரோடு இருக்கிறது. வீடு கொடுத்தால் விசுவாசம் வரும் என்பது அந்தக் கால முதலாளிகளின் நம்பிக்கை. சென்னை பி அண்டு சி மில்லில் 1922-லேயே நலக் குழு அமைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இவையெல்லாம் சட்டமாயின. 1947-ன் தொழில் தகராறுச் சட்டம் 100 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் பணிக் குழு அமைக்கச் சொல்ல வழி செய்தது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் 500 பேர் இருந்தால் நல அதிகாரி வேண்டும் என்றது. காகிதத்தில் மேஸ்திரியின் இடம் நிரம்பிவிட்டது. பல ஆலைகளில் நல அதிகாரி முதலாளியின் ஆளாகப் பார்க்கப்பட்டார், பணிக் குழு கேன்டீன் டீயின் தரத்தை விவாதித்தது. பதவியை மாற்றினார்கள். ஆனால் அந்தப் பதவியில் இருப்பவர் தம் சொந்தப் பொறுப்பில் எதை முடிவு செய்யலாம் என்பதை யாரும் எழுதிவைக்கவில்லை.

இதற்கு மறுபுறத்தையும் இந்தியாவிலேயே ஒருவர் சோதித்துப் பார்த்தார். 1953-ல் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தைச் சேர்ந்த ஏ.கே.ரைஸ் அகமதாபாத் காலிகோ மில்லுக்கு வந்தார். தானியங்கித் தறி வந்தும் உற்பத்தி ஏறவில்லை. ஆளுக்கு ஒரு சிறு வேலை என்று பிரித்து, மேலே மேற்பார்வைக்கு ஆள் போட்டிருந்தார்கள். அதைக் கலைத்து, ஒரு கூட்டத்துக்கு ஒரு தொகுதித் தறி என்று முழுப் பொறுப்பையும் விட்டார்கள். உற்பத்தி ஏறியது, சேதம் குறைந்தது. உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிய பரிசோதனை இது. ஆனால் 1970-ல் எரிக் மில்லர் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஒரு பிரிவில் அந்த முறை நிலைத்திருந்தது, மற்ற இடங்களில் பெரும்பாலும் கரைந்துபோயிருந்தது. நெருக்கடி வந்தபோதெல்லாம் மேலிருந்தவர்கள் கையை உள்ளே நீட்டியிருக்கிறார்கள். முதல் பரிசோதனையைப் பாடமாக வைக்கும் வகுப்புகளில் இரண்டாவது பயணத்தைச் சொல்வது குறைவு.

மதுரைக்காரர்களுக்கு நிர்வாகம் என்றதும் நினைவுக்கு வருவது டி.வி.எஸ். திருக்குறுங்குடியிலிருந்து வந்த டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1911-ல் நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் பஸ்ஸைப் பார்த்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள் என்பது இந்த ஊர்ப் பெரியவர்கள் அலுக்காமல் சொல்லும் பெருமை. யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது கரிவாயுவில் வண்டி ஓட்டிய நிறுவனம் அது. நேரம் தவறாமை முதலாளியின் குணமாகப் பேசப்பட்டாலும், அதை ஒவ்வொரு ஸ்டாண்டிலும் நடத்திக்காட்டியவர்கள் டைம் கீப்பரும் செக்கரும்தான். முதலாளி ஊரிலேயே இருந்தார், பட்டறைக்கு வந்துபோனார். ஆகவே நடுவில் இருப்பவர் எதையும் நெடுநாள் மறைக்க முடியாது. ஹார்வி மில்லுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

1972-ல் அந்த பஸ்கள் அரசுடைமையாகிப் பாண்டியன் போக்குவரத்துக் கழகமாயின. அதே வண்டி, அதே டிரைவர், அதே ரூட். முதலாளி மட்டும் வேறு. நிர்வாகவியல் மாணவனுக்கு இதைவிடச் சுத்தமான பரிசோதனை கிடைக்காது. தொழிலாளிக்கு வேலை உறுதியும் சங்கத்தின் பலமும் கூடின, லாபம் தராத கிராமத்துக்கும் பஸ் போனது. கடிகாரப் பெருமை மெல்ல மங்கியது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காமல் பழைய டி.வி.எஸ்.ஸை மட்டும் நினைத்து உருகுவது நியாயமல்ல. அப்போது பஸ் போகாத ஊர்க்காரர்களுக்குத் திருத்த வேண்டிய கடிகாரமே இருந்திருக்காது.

சமீபத்திய மாற்றம் இன்னும் சுவையானது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. முடிவு கோட்டையில் எடுத்தது. மாட்டுத்தாவணி, பெரியார் பஸ் நிலையங்களில் அதை நடத்த வேண்டியவர் கண்டக்டர். வசூலை வைத்துப் பேட்டா பார்த்துப் பழகியவருக்கு, காசு தராத பயணி கூட்டத்தைக் கூட்டுபவராகத்தான் தெரிவார். நிறுத்தத்தில் நிற்காமல் போவது, ‘ஓசி’ என்று முணுமுணுப்பது எல்லாம் செய்தியாயின. பெண் பயணிகளிடம் மரியாதையாக நடக்க வேண்டும் என்று கழகங்கள் சுற்றறிக்கை விட்டன. சுற்றறிக்கை நாக்கைக் கட்டும், கணக்கை மாற்றாது. ஒவ்வொரு கட்டணமில்லாச் சீட்டும் கழகத்துக்கு அரசு ஈடுசெய்யும் வருமானம் என்பது கண்டக்டரின் வேலையில் தெரியும்படி இருந்தால்தான் அந்த முணுமுணுப்பு அடங்கும்.

கூலியை எதோடு கட்டுகிறோம் என்பதில் கண்மாய்க்கரைக்காரர்கள் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள். மதுரைச் சீமையின் பல கண்மாய்களில் மடையைத் திறப்பது நீர்க்கட்டியின் வேலை. நீர்பாய்ச்சி என்றும் சொல்வார்கள். தண்ணீருக்குத் தட்டுப்பாடு வந்தால் பட்டாதாரர் எவரும் மடையில் கைவைக்கக் கூடாது, நீர்க்கட்டி மட்டுமே வயல் வயலாகப் பாய்ச்ச வேண்டும். அவருக்குக் கூலி அறுவடையில் நெல்லாக வந்தது. எந்த மூலை வயல் காய்ந்தாலும் அவர் பங்கும் குறையும். ஆகவே தலைமடை, கடைமடை என்று பாராமல் பாய்ச்சுவதே அவருக்கு லாபம். பெரும்பாலும் தலித்துகள் செய்த வேலை இது. நிலம் உடைய சாதியினரின் தண்ணீர், நிலம் இல்லாத ஒருவரின் கையில். அதை நம்பிக்கை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நிலம் இல்லாததால்தான் அவரை நம்பினார்கள் என்பதில் ஒரு கொடுமையும் இருக்கிறது. ஆழ்துளைக் கிணறு பெருகிய பிறகு அந்த வேலை பல ஊர்களில் தேய்ந்தது. 2000-ல் வந்த பாசன மேலாண்மைச் சட்டம் விவசாயிகள் சங்கத்துக்குத் தேர்தல் வைத்துத் தலைவரைத் தந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு வாய்க்காலில் நடப்பவரைத் தேர்தலால் தர முடியாது.

இனி அந்த விதிவிலக்கு. நடுவில் இருப்பவர்களின் சம்மதத்தோடுதான் மாற்றம் நடக்க வேண்டும் என்றால், மீனாட்சி அம்மன் கோயில் கதவு 1939-ல் திறந்திருக்காது. அந்த ஆண்டு ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ்காரர் அ.வைத்தியநாத ஐயர், கக்கன் உள்ளிட்ட தலித்துகளையும் நாடார் ஒருவரையும் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். நிர்வாக அதிகாரி ஆர்.எஸ்.நாயுடு துணை நின்றார். பக்தருக்கும் தெய்வத்துக்கும் நடுவே நிற்பவர்கள் பட்டர்கள். அவர்களில் பெரும்பாலோர் தீட்டு கழிக்காமல் பூசைக்கு வர மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டமும் பிறகு முழுச் சட்டமும் கொண்டுவந்து நுழைவுக்குப் பாதுகாப்புத் தந்தது. விலகிய பட்டர்கள் வழக்கு, எதிர்வழக்கு என்று அலைந்து 1945-ல்தான் திரும்பி வந்தார்கள். ஏறக்குறைய ஆறு ஆண்டுகள்.

கலந்து பேசி, மனம் மாறக் காத்திருந்து செய்திருக்கலாமே என்று இன்று ஒரு ஆலோசகர் சொல்லக் கூடும். யார் காத்திருப்பது என்பதுதான் கேள்வி. உள்ளே இருப்பவரின் தயக்கத்துக்கு வெளியே நிற்பவர் விலை கொடுக்கிறார் என்றால், அங்கே பங்கேற்பு என்ற சொல்லுக்கு வேலை இல்லை. உத்தரவுதான் சரி. ஆனால் உத்தரவு கதவைத்தான் திறந்தது, பட்டர்களை மாற்றவில்லை. 1976 முதல் இந்தக் கோயிலில் ஆய்வு செய்த மானுடவியலாளர் கிறிஸ் ஃபுல்லர் இந்தப் பட்டர்களைப் பற்றி இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். முதலாவதில் வரும் பட்டர்கள் மனம் தளர்ந்தவர்கள். 1971-ல் அரசு பரம்பரை உரிமையை ஒழித்திருந்தது, உச்சநீதிமன்றமும் அதை ஏற்றிருந்தது. எங்கள் காலத்தோடு இது முடிந்தது என்று அவர்கள் பேசினார்கள். இரண்டாவது புத்தகம் 2003-ல் வந்தபோது நிலைமை வேறு. பிள்ளைகளை ஆகமப் பாடசாலைக்கு அனுப்பியிருந்தார்கள். வருமானமும் தன்னம்பிக்கையும் ஏறியிருந்தன. மந்திரம் தெரியவில்லை என்று பல காலமாக விமர்சித்தவர்களுக்கு அவர்கள் தந்த பதில் படிப்பு. அந்த மாற்றம் எந்தச் சட்டத்தாலும் வந்ததல்ல. தங்கள் வேலைக்கு ஒரு எதிர்காலம் தெரிந்ததும் அவர்களே தேடிக்கொண்டது.

மீண்டும் நடுவாளுக்கு வருவோம். அழகர்கோவில் பக்கம் பில்லுசேரியில் சின்னப்பிள்ளை என்ற விவசாயக் கூலிப்பெண் இருக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைக் கொத்தாகத் திரட்டி, நிலக்காரரிடம் கூலி பேசி முடித்து, எல்லோருக்கும் பிரித்துக் கொடுத்தவர். பார்க்கப்போனால் மேஸ்திரி செய்த அதே வேலை. ஒரு வித்தியாசம்: மேஸ்திரியை நியமித்தது மேலிடம், இவரை ஏற்றுக்கொண்டது கூட வேலை செய்யும் பெண்கள். கணக்கில் தவறினால் அடுத்த நடவுக்கு அவர் பின்னால் யாரும் வர மாட்டார்கள். 1990-ஐ ஒட்டி இந்தப் பகுதியில் களஞ்சியம் சேமிப்புக் குழுக்கள் தொடங்கியபோது, அவற்றைத் தொடங்கிய, ஐ.ஐ.எம்.மில் படித்த வாசிமலைக்கும் அவருடைய குழுவினருக்கும் புதிதாகத் தலைவிகளை உருவாக்கத் தேவை ஏற்படவில்லை. கொத்து ஏற்கெனவே இருந்தது. அதன் மேல் குழு, தொகுப்பு, வட்டாரம் என்று அடுக்கு எழும்பியது. 1997-ல் இந்த முயற்சி தானம் அறக்கட்டளை என்ற தனி அமைப்பாயிற்று. குழுவின் கணக்கு எழுதும் ஆளுக்குக் குழுவே சம்பளம் தரும் என்ற விதிதான் இதில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. படித்தவர் படிக்காதவருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது அந்தச் சம்பளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. பிரதமர் வாஜ்பாய் விருது மேடையில் சின்னப்பிள்ளையின் காலைத் தொட்ட படம் நாடு முழுக்கத் தெரியும். 2019-ல் பத்மஸ்ரீ வந்தது. இந்த விதியைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு.

இதுவரை பார்த்த நடுவாட்கள் எல்லாம் வழக்கத்தில் வந்தவர்கள். அரவிந்த் கண் மருத்துவமனையில் அந்த ஆளை யோசித்துச் செய்தார்கள். டாக்டர் கோ.வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கிய மருத்துவமனை அது. முடக்குவாதத்தில் வளைந்த விரல்களோடு கண் அறுவை செய்தவர் என்பதும், அமெரிக்க பர்கர் கடையின் ஒழுங்கைக் கண்புரைக்குக் கொண்டுவர நினைத்தவர் என்பதும் பலரும் எழுதியாயிற்று. 1993-ல் ஹார்வர்டில் கஸ்தூரி ரங்கன் எழுதிய ஆய்வு மதுரையை உலக நிர்வாக வகுப்புகளுக்குள் கொண்டுபோனது. ஒரு டாக்டருக்கு இரண்டு மேஜை, ஒன்றில் அறுவை முடியும்போது அடுத்ததில் நோயாளி தயார் என்ற ஏற்பாட்டைத்தான் எல்லோரும் வியக்கிறார்கள்.

மேஜையை யார் வேண்டுமானாலும் வாங்கிப் போடலாம். அடுத்த நோயாளியைத் தயார் செய்பவர் யார்? சுற்றுக் கிராமங்களில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்பிள்ளைகள். டாக்டரின் தங்கை கோ.நாச்சியார் உருவாக்கிய பயிற்சி அது. குடும்பத்தையும் பார்த்துப் பேசி எடுப்பார்கள், இரண்டாண்டு பயிற்சி, ஆளுக்கு ஒரு துறை. பார்வை அளப்பது, அறுவை அரங்கு, கண்ணாடி, ஆலோசனை. ஊழியர்களில் பாதிக்கு மேல் இவர்கள்தான். எல்லோரும் கூப்பிடுவது சிஸ்டர். டாக்டர் மட்டுமே செய்தாக வேண்டியதைத் தவிர மற்ற அனைத்தையும் இவர்கள் செய்வதால்தான் அங்கே ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவை செய்ய முடிகிறது.

தகவல் தொடர்பு என்ற கோணத்தில் அவர்களில் முக்கியமானவர் கவுன்சிலர் சிஸ்டர். டாக்டர் ஆபரேஷன் என்று சொன்னதும் உசிலம்பட்டியிலிருந்து வந்த பெரியவருக்குப் பத்துக் கேள்வி எழும். கண்ணை வெளியே எடுத்து வைப்பார்களா, எத்தனை நாள் தலைக்குத் தண்ணீர் விடக் கூடாது, மகன் லீவு போட வேண்டுமா, எவ்வளவு ஆகும். வெள்ளை கோட்டிடம் கேட்க வாய் வராது. தன் பேத்தி வயதில், தன் பேச்சு வழக்கிலேயே பேசும் பெண்ணிடம் வரும். எந்த லென்ஸ், எந்த அறை, இலவசமா கட்டணமா என்பது அந்த மேஜையில் முடிவாகிறது. ஏழையா என்று சான்று கேட்பதில்லை, எந்தப் பக்கம் போவது என்பது நோயாளியின் விருப்பம். மில்லில் மேஸ்திரி தகவலைத் தடுத்துச் சம்பாதித்தார். இங்கே அதை அவிழ்த்துச் சொல்வதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம்.

தங்கள் குறையைக் கேட்டுக்கொள்வதிலும் இந்த நிறுவனம் ஒரு படி மேல். இலவச முகாம்கள் பெரும் புகழோடு நடந்த காலத்தில், 1999-ல் அரவிந்த் மருத்துவர்களும் லண்டன் ஆய்வாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கண் கோளாறு உள்ள கிராமத்தாரில் 100-க்கு ஏறத்தாழ 7 பேரே முகாமுக்கு வந்திருந்தார்கள். வந்த கூட்டத்தைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்த இடத்தில் வராதவர்களை எண்ணியது பெரிய காரியம். 2004 முதல் ஊர்களிலேயே பார்வை மையங்கள் தொடங்கின. மையத்தில் பயிற்சி பெற்ற பெண், வீடியோவில் டாக்டர். இன்று நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. ஆய்வு வந்த சில ஆண்டுகளிலேயே இந்த மாற்றம் தொடங்கக் காரணம், டாக்டர் இல்லாத இடத்தில் நின்று பேசக்கூடிய ஆட்கள் முன்பே தயாராக இருந்ததுதான்.

அரவிந்தைப் பாராட்டும் கட்டுரைகள் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. சிஸ்டர்களில் பலர் சில ஆண்டுகளில் திருமணமாகிப் போய்விடுகிறார்கள். புதியவர்கள் வந்துகொண்டே இருக்கும் ஏற்பாட்டில் சம்பளச் செலவு கட்டுக்குள் நிற்கும், ஒழுங்கும் குலையாது. தங்கி மேலே ஏறுபவர்களும் உண்டு, பயிற்சியாளராக, நிர்வாகியாக. ஆனால் அவ்வளவு கைத்தேர்ச்சி பெற்ற பெண்ணுக்கு வெளியே இணையான வேலை எளிதில் கிடைப்பதில்லை, அவள் செய்த வேலைக்கு நாட்டின் மருத்துவப் பணி அடுக்கில் தெளிவான இடமும் நெடுங்காலம் இருந்ததில்லை. கிராமத்துப் பெண்கள் பிளஸ் டூவுக்குப் பிறகு நர்சிங், இன்ஜினியரிங் என்று போகும் காலம் இது. அந்த ஊற்று எப்போதும் இப்படியே சுரக்கும் என்று எண்ண முடியாது.

கப்பலூர் தொழிற்பேட்டையிலும் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவிலும் இன்றைய சூப்பர்வைசரும் டீம் லீடும் வேறு ஒரு சிக்கலில் இருக்கிறார்கள். மதுரையில் தியாகராசர் மேலாண்மைப் பள்ளி 1962-லேயே வந்துவிட்டது, படித்த நிர்வாகிகளுக்குப் பஞ்சமில்லை. ஷிஃப்ட் மாற்றமோ லீவு விதியோ இப்போது மேலாளரிடமிருந்து ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸாப் குழுவில் நேரே விழுகிறது. சூப்பர்வைசருக்கும் அவர் கீழே உள்ள நாற்பது பேருக்கும் ஒரே நொடியில் தெரிகிறது. மேஸ்திரியின் ஏகபோகம் ஒருவழியாக ஒழிந்தது என்று மகிழலாம். ஆனால் காலையில் நாற்பது பேரும் ஏன் என்று கேட்பது சூப்பர்வைசரிடம். அவருக்கு அந்த மெசேஜுக்கு மேல் ஒரு வரி தெரியாது, மாற்றிக் கொடுக்க அதிகாரமும் இல்லை. தை பிறந்தால் அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு, சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்கும் நாள், இவற்றுக்கு யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்பதை மட்டும் இன்னும் அவர்தான் வாய்வார்த்தையாகப் பேசி முடிக்கிறார். அதற்கு எந்த விதிப்புத்தகத்திலும் இடம் இல்லை, அப்ரைசல் படிவத்திலும் இல்லை. மதுரையில் ஒரு நிறுவனம் புதிதாக எதையாவது மாற்ற நினைத்தால், குழுவில் அறிவிப்பதற்கு ஒரு வாரம் முன்பே அவரை உட்காரவைத்துக் காரணத்தைச் சொல்லி, எந்த அளவு விட்டுக்கொடுக்கலாம் என்ற எல்லையையும் அவர் கையில் கொடுத்துவிடலாம். செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை.